நசுங்காத எலுமிச்சை

பாளையங்கோட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் எப்போதாவது ஒரு டிராக்டர் வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். எங்கேயோ கட்டட வேலைக்குச் செங்கல் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. பாரம் ஏற்றிய டிரெய்லர் அடக்கமாகப் போய்விடும். வெறும் டிரெய்லர்தான் கொக்கி ஒரு பக்கம், கதவுச் சங்கிலி ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம் என்று ஊரைக் கூட்டும். அந்தத் தடதடப்பு கேட்டால் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். "அம்மா, ஒங்க சொந்தக்காரங்க போறாங்க, ஓடியாங்க" என்று மகன் உள்ளே இருந்து கத்துவான். கேலிதான். ஆனாலும் அவன் சொல்வதில் தப்பில்லை.

ஆழ்வார்குறிச்சியில் என் அப்பாவிடம் ஒரு டிராக்டரும் நாலு சக்கர டிரெய்லரும் இருந்தன. வாழைத்தார், வைக்கோல், எரு, நெல் மூட்டை, கோயில் கொடைக்குப் பந்தல் சாமான் என்று அதில் ஏறாத பொருள் கிடையாது. ஒருமுறை யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மேளகாரர்களையும் ஏற்றிவந்தார். வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார்களாம். நான் பரீட்சைக்குப் படித்ததில் பாதி, அந்த டிரெய்லரில் வைக்கோல் மேல் சாய்ந்துகொண்டு படித்ததுதான். பாடம் எவ்வளவு ஏறியதோ தெரியாது, தலையில் வைக்கோல் நிறைய ஏறியது.

டயர் விஷயத்தில் அப்பா மகா கருமி. டிரெய்லருக்குப் புது டயர் வாங்கி நான் பார்த்ததே இல்லை. தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டை ஒட்டி வாங்கிவருவார். அதுவும் வழவழவென்று மொட்டையான பிறகு, இன்னொரு தடவை ஒட்டலாமா என்று கேட்டுக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். உடைமுள் குத்தாத வாரம் இருக்காது. வரப்பில் ஏறி இறங்கும்போது டயரின் பக்கவாட்டில் கிழியும். "இதுல ட்யூப் எங்கவே இருக்கு, ஒட்டுதான இருக்கு" என்று பஞ்சர் கடை அண்ணாச்சி சலித்துக்கொள்வார். அப்பா காதில் விழாத மாதிரி கூரையைப் பார்ப்பார்.

இத்தனை கருமித்தனத்துக்கும் ஈடாக அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பயணமானாலும் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரங்கட்டி இறங்குவார். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து டயரிலும், நடுவில் இருக்கும் பிரேக் டிரம்மிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அதே பதம். சூடு இல்லை என்றால் 'ம்' என்று ஒரு சத்தம். நாலு சக்கரத்துக்கும் நாலு 'ம்' சொன்ன பிறகுதான் வண்டி நகரும். கிழக்கே எங்கே போனாலும் அம்பாசமுத்திரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி இந்த வைத்தியத்தை முடித்துவிட்டுத்தான் டீ குடிப்பார். பட்டை ஒட்டின டயரை வைத்துக்கொண்டு அவர் வருஷக்கணக்கில் ஓட்டியது இந்தப் புறங்கையை நம்பித்தான்.

ஒரே ஒரு நாள் அவர் அப்படி நிறுத்தவில்லை. அது நான் பாளையங்கோட்டைக்குக் குடிவந்த நாள்.

நான் அவருக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் ஆன பிறகும் உள்ளூரிலேயே, இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். என் கணவருக்குப் பாளையங்கோட்டை கோர்ட்டில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வந்தார். பிறகு எனக்கும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒரு பருவம் நானும் பஸ்ஸில் போய்வந்து பார்த்தேன். நின்றுகொண்டே போய், வகுப்பிலும் நின்று, நின்றுகொண்டே திரும்பி வந்ததில் கால் இரண்டும் வீங்கிப்போயின. அங்கேயே வீடு பார்த்துவிட்டோம். அட்வான்ஸ் கொடுத்த அன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டில் பேச்சை நிறுத்துவது என்றால் வாயை மூடுவது இல்லை. எதிரில் நிற்கிறவளிடம் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வது. "அவளுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார் அம்மாவிடம், என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அம்மாவும் சலிக்காமல், "ஏட்டி, மோர் வேணுமாங்காரு" என்பாள். நானும் விடுவேனா? "போதும்னு சொல்லு" என்பேன். நானும் அவர் பெற்ற பிள்ளைதானே. சாமான் ஏற்ற லோடு ஆட்டோ பிடிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் மட்டும் குரல் உயர்ந்தது. "அவ சாமான் நம்ம வண்டியிலதான் போகும்னு அவகிட்டச் சொல்லிரு. வேற வண்டி அந்தத் தெருவுக்குள்ள வரப்பிடாது."

விஜயதசமி அன்று குடிபோவது என்று அம்மா நாள் பார்த்தாள். மதியத்துக்கு முன்னால் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும். எனக்கு நாளும் கோளும் பெரிதில்லை. அப்பா ஒரு வார்த்தை பேசி, அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வர வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது என்னால் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க முடியாது. இதை வெளியே சொல்ல ரோஷம் விடவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் ஊரில் வண்டிகளுக்கெல்லாம் ஆற்றில்தான் குளியல். அப்பாவும் டிரெய்லரைக் கடனாநதிக்குள் இறக்கி, சக்கரம் பாதி முங்கத் தண்ணீரில் நிறுத்தித் தேய்த்துக் கழுவினார். ஜாக்கி, ஸ்பானர், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜைக்கு அடுக்கியாயிற்று. வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற இரண்டு மரக்கட்டைகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. அவையும் ஆயுதம்தானே. பூஜைக்கு வைத்ததை மறுபூஜை ஆகாமல் எடுக்கக் கூடாது.

மற்ற வருஷங்களில் டிரெய்லர் களத்தில் நிற்கும். சமதரை, கட்டை வேண்டாம். அந்த வருஷம் சாமான் ஏற்ற வேண்டும் என்று என் வீட்டு வாசலில் கழற்றி விட்டார். எங்கள் தெரு ஆற்றைப் பார்த்து இறக்கமாக இருக்கும். கட்டைக்குப் பதிலாக இரண்டு கல் போதும். ஆற்றோரத் தெருவில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் கல் கிடந்த இடத்தில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து குனிய வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். டிரெய்லரின் முன்பக்கம் இருக்கிற பிரேக் கம்பியை ஒரே இழுப்பாக இழுத்து மாட்டிவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். நனைந்த வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தக் கூடாது, உள்ளே துருவேறிப் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஊருக்கே சொல்கிற மனுஷன் அவர்.

அந்த ஈரத்தோடு டிரெய்லர் இரண்டு ராத்திரி அப்படியே நின்றது. பூஜை நாள் சாயங்காலம் அதில் பீரோ, கட்டில், மெத்தை, அம்மி, என் புத்தகப் பெட்டிகள் எல்லாம் ஏறின. விஜயதசமி காலையில் அப்பா டிராக்டரைக் கொண்டுவந்து மாட்டினார். பிரேக் கம்பியை விடுவித்தார். அம்மா டிரெய்லரின் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை வைத்தாள். வண்டி முதலில் நகர மறுத்தது. டிராக்டர் உறுமி ஒரு வெட்டு வெட்டி இழுத்த பிறகு நகர்ந்தது. மூன்று பழம் சதக்கென்று நசுங்கின. பின்பக்கம் இடது சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போய், ஓரமாக உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது.

"இந்தாருங்க, ஒரு பழம் நசுங்கல" என்று அம்மா பதறினாள்.

"கல்லு கில்லு இடறியிருக்கும். ஏறு" என்றார் அப்பா. அந்தச் சக்கரம் உருளாமல் இழுபட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இறங்கி வந்து பார்த்திருப்பார். ஆனால் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவும் நானும் டிரெய்லரில் மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டோம். அம்மா மடியில் பால் தூக்குவாளி. என் கணவர் டிராக்டரில் மாமனாருக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியில் கிரீஸ் படாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். காலை வெயிலும் வயல் காற்றுமாக நன்றாகத்தான் இருந்தது. அம்பாசமுத்திரம் வந்தது. டீக்கடை வந்தது. வண்டி நிற்கும் என்று நான் தலையைச் சரிசெய்துகொண்டேன். டீ வாங்கிக்கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்வார், நான் வேண்டாம் என்பேன், பிறகு குடிப்பேன் என்றெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. வண்டி நிற்கவில்லை. கடைக்காரர் கையைத் தூக்கியபடி நின்றது மட்டும் தெரிந்தது. பீரோவைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தேன்.

வீரவநல்லூர் தாண்டியதும் கருகல் வாடை அடித்தது. "எவனோ காலையிலேயே டயரைப் போட்டுக் கொளுத்துதான்" என்று அம்மா மூக்கைச் சேலையால் மூடினாள். கொளுத்தப்படுவது எங்கள் டயர்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சேரன்மகாதேவிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது படார் என்று வெடித்தது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பீரோ என் மேல் சாய, நான் மெத்தை மேல் சாய, அம்மா பாலை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பால் சிந்தலட்டி, பால் சிந்தல" என்று கத்தினாள்.

அப்பா குதித்து ஓடிவந்தார். பின்பக்கம் இடது சக்கரத்தில் புகை. ஒட்டின பட்டை வாழைமட்டை உரிந்த மாதிரி உரிந்து கிடந்தது. பக்கத்தில் வாய்க்கால் ஓடியது. நான் வாளியைத் தேடினேன்.

"தண்ணி ஊத்தப்பிடாது, டிரம் வெடிச்சிரும்னு அவகிட்டச் சொல்லு!" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். நடுரோட்டில், வண்டி எரிகிற நேரத்திலும் அதுதான்.

"தண்ணி ஊத்தப்பிடாதாம்ட்டி" என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரி, வலது பக்கத்துச் சக்கரமாவது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று சுற்றிப் போனேன். அப்பா செய்கிற மாதிரியே குனிந்து புறங்கையை டிரம்மில் வைக்கப் போனேன்.

"ஏட்டி! தொடாத! கொதிக்கும்!" அப்பாவின் குரல்.

கை அதற்குள் பட்டுவிட்டது. அதுவும் பாதி ஒட்டி, உரசி உரசியே உருண்டு, தீயாய்ச் சுட்டுக்கொண்டிருந்த சக்கரம்தான். நான் கத்துவதற்குள் அப்பா வந்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, வாய்க்காலில் முழங்கை வரைக்கும் முக்கினார். "ரொம்ப எரியுதா? ஏட்டி, எரியுதா? சொல்லு." விரல் முட்டியெல்லாம் சிவந்து தோல் சுருண்டிருந்தது. எனக்கு எரிச்சல் தெரியவே இல்லை. அவர் என்னைப் பார்த்துப் பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஓவென்று அழுதேன். கை வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் ஆழமாக முக்கினார்.

பின்னாலேயே வந்த அம்மா, "பேசியாச்சா? இனி நான் எடையில கெடந்து சாக வேண்டாம்லா?" என்றாள்.

அப்பா என் கையைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே வாய்க்காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்பையில, டீக்கடையில நிறுத்தணும்னு நெனச்சேன். நிறுத்தினா எறங்கணும். எறங்கினா ஒன் மொகத்தப் பாக்கணும். அழுதுருவேன்னுதான் நிறுத்தாம வந்துட்டேன்."

இத்தனை நாளும் அதைக் கோபம் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

டிரம் ஆறாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நல்ல நேரம் போகிறது, வெயில் ஏறுகிறது, பால் திரிந்துவிடும். பக்கத்து வாழைத்தோட்டத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வேடிக்கை பார்க்க வந்தார். அவரிடம் அம்மா கேட்டாள். "அண்ணாச்சி, மூணு கல்லும் கொஞ்சம் காஞ்ச மட்டையும் கெடைக்குமா? பால் காய்ச்சணும்."

"ரோட்டுலயா?"

"புது வீட்டுச் சாமான் பூராவும் இங்கனதான நிக்கி? புள்ளயும் இங்கன, மாப்பிள்ளையும் இங்கன. அப்ப வீடும் இன்னைக்கு இங்கனதான்."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கல்லும் தென்னமட்டையும் கொண்டுவந்தார். சாலையோரப் புளியமரத்தடியில் அடுப்புக் கூட்டினோம். மூட்டையைப் பிரித்துப் புதுப் பானையை எடுத்தாள் அம்மா. ஊதி ஊதி என் கணவரின் வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாயிற்று. பக்கத்தில் அப்பா டிரெய்லருக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துவிட்டு, டிரம் ஆறிவிட்டதா என்று எட்டி எட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி மூன்று பக்கமும் வழிந்தபோது அம்மா குலவையிட்டாள். போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. முதல் டம்ளரை ஊற்றி நான் அப்பாவிடம் நீட்டினேன். "நீ மொதல்ல குடி, சூடு பாத்துக் குடி" என்றார், நேராக என்னைப் பார்த்து. அதன் பிறகு எத்தனையோ தடவை பால் காய்ச்சியிருக்கிறேன். மட்டைப் புகை வாடை அடித்த அந்தப் பாலின் ருசி திரும்பக் கிடைக்கவில்லை.

ஆறின பிறகு அப்பா இரண்டு டிரம்மையும் கழற்றி, தட்டி, துருவைச் சுரண்டி, ஒட்டியிருந்த லைனிங்கை விடுவித்தார். வெடித்த டயருக்குப் பதிலாக மாற்றுச் சக்கரத்தை மாட்டினார். அதுவும் மொட்டைதான். அம்மா பையிலிருந்து இன்னொரு எலுமிச்சையை எடுத்து அதன் அடியில் வைத்தாள். இந்தத் தடவை நசுங்கியது. "இப்பச் சரி" என்று ஏறி உட்கார்ந்தாள். பத்தமடையில் ஒரு தடவை, மேலப்பாளையத்துக்கு முன்னால் ஒரு தடவை என்று அப்பா நிறுத்தி இறங்கினார். நாலு சக்கரத்தையும் பார்த்த பிறகு ஐந்தாவதாக என் கையையும் வாங்கிப் பார்த்து 'ம்' என்றார்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அப்பா பீரோவின் ஒரு முனையைப் பிடித்தபடி நிலைப்படியைத் தாண்டினார். அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்றார். எனக்கு அது போதும். அம்மா என் கை ஆறும் வரை என்னோடு இருப்பதாகச் சொல்லிவிட்டாள். அப்பா தனியாகத் திரும்ப வேண்டும். சாப்பிட்டுவிட்டு, "வாரேன்ட்டி" என்று டிராக்டரில் ஏறினார்.

வரும்போது பாரத்தோடு சத்தமில்லாமல் வந்த டிரெய்லர், வெறுமையாகத் தெரு முழுக்கத் தடதடத்துக்கொண்டு போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனைக்குப் போனதும் சத்தம் நின்றது. அப்பா இறங்கினார். ஒரு பக்கத்து இரண்டு சக்கரத்தையும் குனிந்து தொட்டுப் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கத்தையும் பார்த்தார். எங்கள் வாசலிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் எந்தச் சக்கரமும் சூடாகாது. அது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? கடைசிச் சக்கரத்தில் கையை வைத்தபடியே நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தார். நான் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே போ என்று கையை ஆட்டினார். நான் போகவில்லை. அவரும் உடனே ஏறவில்லை.

அப்பா காலமாகி வருஷங்கள் ஆகின்றன. டிரெய்லரை யாரோ வள்ளியூர் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். என் விரல் முட்டியில் அந்தத் தழும்பு இருக்கிறது. வெறும் டிரெய்லர் போகிற சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்கு வந்து, அது தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்க்கிறேன். எந்த வண்டியும் அங்கே நிற்பதில்லை.